மார்சியானோவும் ஃபியூரியும் ஒரே மேடையில் நின்றால்: பழைய குத்துச்சண்டைச் சாம்பியன்கள் இன்று என்ன செய்வார்கள்?

கோட்டார்க்காரன்:

நண்பர்களுக்கு வணக்கம். நாகர்கோவிலில் மாலை வேளைகளில் பதினைந்து இருபது பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்து வருகிறேன். சென்ற வாரம் பயிற்சி முடிந்து கையில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அவர்களுக்குள் ஒரு வாக்குவாதம் எழுந்தது. ராக்கி மார்சியானோ 49 சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்காமல், அவற்றில் 43-ஐ நாக்-அவுட்டில் முடித்து, 1956-இல் ஓய்வு பெற்றவர். அவர் இன்றைய ஹெவிவெயிட் (உச்ச எடைப்பிரிவு) வீரர் டைசன் ஃபியூரியை எதிர்கொண்டால் வெல்வது யார் என்பதுதான் வாக்குவாதம். வாயால் பேசித் தீராது என்று தோன்றியதால் ஒரு சாக்குக் கட்டியையும் அளவு நாடாவையும் எடுத்துச் சுவரில் இரண்டு கோடுகள் போட்டேன். தரையிலிருந்து 179 சென்டிமீட்டரில் ஒரு கோடு, 206-இல் மற்றொன்று. முதல் கோடு என் உச்சந்தலைக்குச் சற்று மேலே நின்றது. இரண்டாவது கோட்டுக்கு நேராக முகம் இருப்பதாக வைத்துக்கொண்டு குத்திப் பார்க்கச் சொன்னேன். எங்கள் கூடத்திலேயே உயரமான பையன் குத்தியபோதும் அவன் தோள் காதுவரை ஏறிவிட்டது. இடுப்பின் பலம் முழுவதும் வழியிலேயே செத்துப்போனது.

இரு கைகளையும் விரித்தால் மார்சியானோவுக்கு ஏறத்தாழ 68 அங்குலம், ஃபியூரிக்கு 85 அங்குலம். ஒரு கைக்கு எட்டு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வருகிறது. மார்சியானோ பெரும்பாலும் 185 பவுண்டுக்குப் பக்கத்தில்தான் சண்டையிட்டார். 2024 மே மாதம் ரியாத்தில் மேடையேறியபோது ஃபியூரியின் எடை 262 பவுண்டு. என்னைக் கேட்டால் மார்சியானோவால் முடியாது என்பேன். ஆனால் பையன்களில் பாதிப் பேர் இதை ஏற்கவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்: பழைய சாம்பியன்களை இன்றைய வீரர்களோடு எதை வைத்து ஒப்பிடுவது?

விளவங்கோட்டான்:

அண்ணாச்சி, சுவரில் போட்ட கோடு உயரத்தைக் காட்டும், நெஞ்சுரத்தைக் காட்டாது. என் தாத்தா பனையேறி. முருக்குத்தடியைச் சாய்த்து, காலில் திளாப்பு மாட்டி, காலையிலும் மாலையிலுமாக முப்பது நாற்பது பனை ஏறி இறங்கியவர். அறுபத்தைந்து வயதில் அவர் உள்ளங்கையையும் முன்கையையும் தொட்டுப் பார்த்திருக்கிறேன். காய்ந்த பனைமட்டையைத் தொடுவதுபோல இருக்கும். ஜிம்மில் இரும்பு தூக்கும் என் தம்பிக்கு அவரைவிட இருமடங்கு புஜம் இருந்தும் ஒரு பனையின் பாதிக்கு மேல் ஏற முடியவில்லை.

பழைய குத்துச்சண்டை வீரர்களும் இப்படி உழைப்பில் விளைந்த உடம்புக்காரர்கள்தாம். ஜாக் டெம்ப்சி சுரங்கங்களில் வேலை செய்தவர். ஜாக் ஜான்சன் கால்வெஸ்டன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். 1915 ஏப்ரல் 5 அன்று ஹவானாவில், திறந்த வெளியில், வெயிலில், ஜெஸ் வில்லார்டோடு ஜான்சன் 26 சுற்றுகள் நின்றார். அந்தச் சண்டைக்கு விதிக்கப்பட்டிருந்தது 45 சுற்றுகள். 1889-இல் ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெய்னும் கையுறை இல்லாமல் 75 சுற்றுகள் மோதினார்கள். பன்னிரண்டு சுற்று முடிந்ததும் மணியடித்து இறங்கிவிடும் இன்றைய வீரர்களை இருபதாவது சுற்றில் கொண்டு நிறுத்திப் பாருங்கள். அங்கே உயரமும் எடையும் அவர்களுக்கே சுமையாகிவிடும்.

தக்கலை வாசகர்:

விளவங்கோட்டுத் தம்பி தாத்தாவைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்கும் என் ஊர்ப் பெரியவர்கள் நினைவுக்கு வந்தார்கள். இருந்தாலும் 75 சுற்றுகள் என்ற கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சல்லிவன் காலத்து வெறுங்கைச் சண்டையின் விதிப்படி ஒருவர் தரையில் விழுந்தால் அத்தோடு சுற்று முடிந்தது. மூன்று நிமிடக் கணக்கெல்லாம் கிடையாது. அந்த 75 சுற்றுகளும் சேர்ந்து இரண்டே கால் மணி நேரம்தான். அதுவும் பெரிய உழைப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் 45 சுற்றுகள் என்று தெரிந்து மேடையேறுபவன் முதல் சுற்றிலிருந்தே பலத்தைச் சேமித்து, பிடித்து, சாய்ந்து, மெதுவாகத்தான் ஆடுவான். பன்னிரண்டு சுற்று என்று தெரிந்தவன் மூன்று நிமிடமும் ஓயாமல் குத்துவான். மாரத்தான் ஓடுபவரையும் 1,500 மீட்டர் ஓடுபவரையும் பக்கத்தில் நிறுத்தி யார் பலசாலி என்று கேட்பதற்கு இது சமம்.

கையுறையையும் கணக்கில் எடுக்க வேண்டும். டெம்ப்சி காலத்தில் ஐந்து அவுன்ஸ்; ஜோ லூயிஸ் காலத்தில் ஆறு; முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதியபோது எட்டு; இன்று ஹெவிவெயிட்டுக்குப் பத்து. பெரிய கையுறைக்குப் பின்னால் ஒளிந்து காப்பது சுலபம். சின்னக் கையுறையில் அது முடியாததால்தான் பழையவர்கள் தலையை அசைத்தும், முன்கையால் தட்டிவிட்டும், உடம்பைப் பின்னுக்கு இழுத்தும் காத்தார்கள். அந்தக் காப்பு முறையைப் பார்த்து, 'கையைத் தூக்கி வைக்கக்கூடத் தெரியாதவர்கள்' என்று இன்றைய பையன்கள் நினைத்துவிடுகிறார்கள்.

பழைய படச்சுருளும் நம்மை ஏமாற்றுகிறது. கையால் சுழற்றி எடுத்த அந்தப் படங்கள் நொடிக்குப் பதினாறு சட்டங்கள் அளவில் எடுக்கப்பட்டவை. அவற்றை இருபத்து நான்கு சட்டங்களில் ஓட்டினால் மனிதர்கள் கோழிபோலத் துள்ளுவார்கள். சரியான வேகத்துக்கு மாற்றிய படத்தில் ஜான்சனைப் பார்த்தால், எதிராளியின் புஜத்தைத் தொட்டே அவன் குத்தைப் பிறக்குமுன் நிறுத்தும் அந்த நிதானம் தெரியும்.

1936-இல் பெர்லினில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் நூறு மீட்டரை 10.3 நொடியில் ஓடினார். உசைன் போல்ட்டின் 9.58-க்குப் பக்கத்தில் அது நிற்காது. ஆனால் ஓவன்ஸ் ஓடியது கரித்துகள் பாதையில், காலூன்றத் தரையில் தாமே பள்ளம் தோண்டிக்கொண்டு. ஓட்டத்திலேயே இத்தனை கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. கடிகாரம் தீர்ப்புச் சொல்லாத குத்துச்சண்டையில் எவ்வளவு பார்க்க வேண்டும்?

ஆசான் வழி:

நான் தென்னகக் களரியும் அடிமுறையும் கற்ற குடும்பத்தைச் சேர்ந்தவன். எங்கள் ஆசான் முதல் ஆறு மாதம் அடிக்கவே விடமாட்டார். ஈர மணலில் சுவடு, அதாவது காலடி முறை, வைக்கச் சொல்வார். பிறகு குனிந்து கால் பதிந்த தடத்தைப் பார்ப்பார். குதிகால் ஆழமாகப் பதிந்திருந்தால், 'இன்றைக்கு நீ செத்தாய்' என்பார். மேற்கத்திய குத்துச்சண்டையிலும் காலடிதான் முதல் பாடம் என்பதைப் பழைய படங்களைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

1897 மார்ச் 17 அன்று நெவாடாவின் கார்சன் சிட்டியில் பாப் ஃபிட்ஸிம்மன்ஸ், ஜிம் கார்பெட்டைப் பதினான்காவது சுற்றில் வீழ்த்தினார். அவர் எடை 170 பவுண்டைத் தொடவில்லை. கார்பெட் அவரைவிடக் கனமானவர். வீழ்த்திய குத்து முகத்தில் விழவில்லை, நெஞ்சுக்குழியில் விழுந்தது. அடிபட்டால் ஆபத்தான உடம்பின் வர்ம இடங்களைப் படுவர்மம் பன்னிரண்டு, தொடுவர்மம் தொண்ணூற்றாறு என்று நாங்கள் மனப்பாடம் செய்கிறவர்கள் ஆதலால் அது எப்படிப்பட்ட இடம் என்பதை விளக்க வேண்டியதில்லை. கார்பெட்டுக்கு நினைவு தப்பவில்லை; மூச்சு மட்டும் வரவில்லை; பத்து எண்ணி முடிப்பதற்குள் எழ முடியவில்லை. அந்த இடம் 1897-இலும் அங்கேதான் இருந்தது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. மனித உடம்பு நூறு ஆண்டில் மாறிவிடவில்லை. ஆகவே பழையவர்களுக்கு இன்றைய வீரனை வீழ்த்தும் வழியே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

குளச்சல் கடலோரம்:

என் தந்தை 1980-இல் சென்னையில் வேலை பார்த்தபோது நேரு விளையாட்டரங்கில் முகமது அலியை நேரில் பார்த்தவர். ஜிம்மி எல்லிஸோடு அலி ஆடிய காட்சிச் சண்டை அது. அதற்குச் சற்று முன், அந்த ஆண்டு ஜனவரியில், டில்லியில் நம் நாட்டு ஹெவிவெயிட் வீரர் கௌர் சிங்கோடும் அலி நான்கு சுற்றுகள் ஆடினார்; அந்தக் கௌர் சிங்தான் 1982 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். அலிக்கு அப்போது 38 வயது, உடம்பு கனத்திருந்தது. 'அவன் வலது கை வருவதைப் பார்க்கலாம், இடது கை வந்து போனதைத்தான் பார்க்கலாம்' என்று அப்பா சொல்வார். இன்றைய ஹெவிவெயிட்டுகளில் அந்த ஜாப் (முன்கையால் நேராக விடும் வேகக் குத்து) யாரிடம் இருக்கிறது என்று யாராவது சொல்லுங்கள்.

தோவாளை நூலகர்:

இதுவரை எழுதியவர்கள் அனைவரும் நூறாண்டு இடைவெளியின் இரு முனைகளில் நின்று பேசுகிறார்கள். நடுவில் இருப்பவர்களைப் பார்த்தால், கற்பனை செய்யாமலேயே ஓரளவு விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு காலங்களிலும் மேடையேறிய மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தாம் நமக்கு அளவுகோல்.

முதலில் ஆர்ச்சி மூர். 1930-களில் தொழிலுக்கு வந்த அவர் 1955-இல் மார்சியானோவை ஒருமுறை தரையில் வீழ்த்தி, பின்பு ஒன்பதாவது சுற்றில் தாமே வீழ்ந்தார். அதே மூர் 1962-இல், நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு, இளைஞரான அலியிடம் நான்கு சுற்றில் தோற்றார். மூருக்கு வயதாகிவிட்டதால் இந்த ஒரு கண்ணியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் அடுத்த கண்ணி உறுதியானது. ஜார்ஜ் ஃபோர்மன் 1973-இல் சாம்பியன் ஆனார். 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் அலியிடம் எட்டாவது சுற்றில் பட்டத்தை இழந்தார். பத்தாண்டுகள் விலகியிருந்துவிட்டு மீண்டும் வந்தார். 1991-இல் 42 வயதில், அப்போது தோல்வியே அறியாத சாம்பியனாக இருந்த எவாண்டர் ஹோலிஃபீல்டோடு பன்னிரண்டு சுற்றும் நின்று புள்ளியில்தான் தோற்றார். 1994 நவம்பர் 5 அன்று, 45 வயதில், 26 வயது மைக்கேல் மூரரைப் பத்தாவது சுற்றில் வீழ்த்தி மீண்டும் சாம்பியன் ஆனார். லாரி ஹோம்ஸும் 1992-இல் 42 வயதில், ஒலிம்பிக் தங்கம் வென்ற ரே மெர்சரைப் புள்ளியில் வென்றார். அந்த ஹோலிஃபீல்ட் மைக் டைசனை இருமுறை வென்றவர். லெனாக்ஸ் லூயிஸோடும் இருமுறை மோதியவர். லூயிஸோ 2003-இல் விட்டாலி கிளிச்கோவைச் சந்தித்தவர். விட்டாலியின் தம்பி விளாடிமிரைத்தான் 2015-இல் ஃபியூரி வென்றார்.

இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், 1970-களின் ஹெவிவெயிட்டுகள் முதுமையிலேயே 1990-களில் தாக்குப்பிடித்தார்கள் என்பது தெரிகிறது. இளமையில் அவர்கள் வந்திருந்தால் சொல்லவே வேண்டாம். அதற்கு முந்தைய காலத்துக்கு இப்படி ஒரு சங்கிலி நமக்குக் கிடைக்கவில்லை. அத்துடன் ஒரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும்: அதே ஃபோர்மன் 1974-இல் 220 பவுண்டு, 1994-இல் 250. காலம் அவரையும் கனமாக்கியது.

ஆகவே என் கணிப்பு எடைக்கு எடை மாறும். டெம்ப்சி 187 பவுண்டு, மார்சியானோ 185, ஜோ லூயிஸ் 200-க்குப் பக்கத்தில். 1979-இல் குரூசர்வெயிட் என்ற புதிய எடைப்பிரிவு பிறந்ததே இவர்களைப் போன்ற உடம்புக்காரர்களுக்காகத்தான். இன்று அதன் உச்ச வரம்பு 200 பவுண்டு. அந்தப் பிரிவில் இம்மூவரையும் விட்டால் அதில் இப்போது இருக்கும் எவரையும் அவர்கள் வெல்லக்கூடியவர்கள் என்று துணிந்து சொல்வேன். ஃபியூரியோடும் ஜோஷுவாவோடும் கொண்டு நிறுத்துவது நியாயமில்லை.

விளவங்கோட்டான்:

அண்ணாச்சி, டெம்ப்சியைப் பற்றிச் சொன்னதை ஏற்க மாட்டேன். 1919 ஜூலை 4 அன்று ஓஹாயோவின் டொலிடோவில் அவர் வீழ்த்திய வில்லார்ட் ஆறடி ஆறங்குலத்துக்கு மேல், 245 பவுண்டு. டெம்ப்சியைவிட 58 பவுண்டு கூடுதல். முதல் சுற்றிலேயே ஏழுமுறை வில்லார்ட் விழுந்தார். பெரிய உடம்பை எப்படி அறுப்பது என்று டெம்ப்சிக்குத் தெரியும்.

தோவாளை நூலகர்:

தம்பி, நல்ல சான்று. ஆனால் வில்லார்டுக்கு அப்போது 37 வயது. குத்துச்சண்டைக்கு வந்ததே இருபத்தேழு வயதுக்கு மேல்தான். 1916-க்குப் பிறகு பட்டத்துக்காக மேடையேறவே இல்லை. மேலும், விழுந்தவர் எழும்போது பக்கத்திலேயே நின்று உடனே மீண்டும் அடிக்க அன்று அனுமதி இருந்தது. அந்தப் படத்தில் டெம்ப்சி வில்லார்டின் தலைக்கு மேலேயே நிற்பதைப் பார்க்கலாம். எதிராளி விழுந்தால் தொலைவில் உள்ள மூலைக்குப் போய்விட வேண்டும் என்ற விதி வந்த பிறகு, 1927 செப்டம்பரில் சிகாகோவில் ஜீன் டன்னியை டெம்ப்சி வீழ்த்தினார். பழைய பழக்கத்தில் மூலைக்குப் போகத் தாமதித்தார். நடுவர் அதுவரை எண்ணத் தொடங்கவில்லை. டன்னி எழுந்து வென்றார். ஒரு விதி மாறியதும் அதே டெம்ப்சியின் ஆயுதம் ஒன்று பறிபோனதை அங்கேயே பார்த்துவிட்டோம். இன்றைய விதியில் அவரை நிறுத்தும்போது இதையும் சேர்த்தே நிறுத்த வேண்டும்.

தக்கலை வாசகர்:

இடையே ஒரு செய்தி. இந்தக் கேள்வியைக் கணினியிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1969-இல் மார்சியானோவையும் அலியையும் அழைத்து, ஒரு கூடத்தில் பல சுற்றுகள் நடிக்கவைத்துப் படமெடுத்து, கணினிக் கணக்கின் முடிவு என்று சொல்லி 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டினார்கள். பதின்மூன்றாவது சுற்றில் மார்சியானோ வெல்வதாக முடிவு. படம் வெளிவருவதற்குள் விமான விபத்தில் மார்சியானோ இறந்துவிட்டார். கணினிக்குள் என்ன எண்களை இடுகிறோமோ அதுதான் வெளியே வரும். அதனால் அந்த முடிவை நான் சான்றாக எடுப்பதில்லை.

விளவங்கோட்டான்:

ஹெவிவெயிட்டில் அண்ணாச்சி சொல்வதைப் பாதி ஒப்புக்கொள்கிறேன். எடை ஒன்றாக இருக்கும் பிரிவுகளுக்கு வருவோம். அங்கே என் பக்கம் வலுவானது. ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1938-இல் ஃபெதர்வெயிட், லைட்வெயிட், வெல்டர்வெயிட் என மூன்று பட்டங்களையும் ஒரே நேரத்தில் வைத்திருந்தார். அன்று இருந்ததே எட்டு எடைப்பிரிவுகள். பிரிவுக்கு ஒரு சாம்பியன். இன்று பதினேழுக்கும் குறையாத பிரிவுகள். ஒவ்வொன்றிலும் நான்கு அமைப்புகள் பட்டம் கொடுக்கின்றன. ஹாரி கிரெப் பதின்மூன்று ஆண்டுகளில் முந்நூறுக்கு அருகில் சண்டையிட்டவர்; டன்னி தம் வாழ்நாளில் தோற்றது அவரிடம் மட்டும்தான். சுகர் ரே ராபின்சன் 1951-இல் ராண்டி டர்பினிடம் தோற்கும்வரை 130-க்கும் மேற்பட்ட சண்டைகளில் ஒரே ஒருமுறைதான் தோற்றிருந்தார். ஃபிளாய்ட் மேவெதர் இருபத்தோர் ஆண்டுகளில் ஆடியது மொத்தம் 50. வாரந்தோறும் கடலுக்குப் போகிறவனுக்கும் ஆண்டுக்கு இருமுறை போகிறவனுக்கும் கடலைப் பற்றிய அறிவு ஒன்றாக இருக்குமா?

கோட்டார்க்காரன்:

இந்த இடத்தில் தம்பியோடு முழுமையாக உடன்படுகிறேன். ஒரு பயிற்சியாளனாகச் சொல்கிறேன்: ஸ்பாரிங்கில் (கூடத்துக்குள் ஆடும் பயிற்சிச் சண்டையில்) எவ்வளவு ஆடினாலும் முன்பின் தெரியாத ஒருவனோடு கூட்டத்தின் நடுவில் ஆடும் பத்து நிமிடம் கற்றுக்கொடுப்பதை அது கற்றுக்கொடுக்காது. கிரெப் ஆடிய சண்டைகளின் படமே இன்று இல்லாததால் அவரைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ராபின்சனின் படங்கள் இருக்கின்றன. பின்வாங்கிக்கொண்டே இடது ஹூக்கால் (வளைத்து விடும் குத்தால்) வீழ்த்துவதை அவரிடம் பார்த்தபின், 147 பவுண்டில் நம் காலத்து டெரன்ஸ் கிராஃபர்டோடு அவரைச் சமமாக வைக்க எனக்குத் தயக்கமே இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. ராபின்சன் காலத்தில் சண்டை நாளன்றே எடை பார்த்தார்கள். இன்று முந்தைய நாளே பார்த்துவிடுகிறார்கள். 147 காட்டிவிட்டு இரவு முழுவதும் தண்ணீரும் உணவும் ஏற்றிக்கொண்டு 155, 160 பவுண்டோடு மேடையேறுகிறார்கள். எடை என்ன செய்யும் என்பதற்கு ராபின்சனே சாட்சி. 1952 ஜூனில் நியூயார்க்கில், நடுவரே மயங்கித் தளர்ந்து மாற்றப்பட்ட அந்தக் கொடும் வெப்பத்தில், தம்மைவிடப் பதினைந்து பவுண்டு கூடுதலான ஜோயி மாக்சிமோடு பதின்மூன்று சுற்றுகள் முன்னிலையில் நின்று ஆடிவிட்டு, பதினான்காவது சுற்றுக்கு எழ முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

மருத்துவமனைச் செவிலி:

நான் தலைக்காயப் பிரிவில் பணியாற்றியவள் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முந்நூறு சண்டைகள் தந்த அறிவைப் பற்றிப் பேசுகிறீர்கள். அந்த முந்நூறு சண்டைகள் மூளைக்கு என்ன செய்தன என்பதையும் கணக்கில் சேருங்கள். குத்துவாங்கிய மூளை நாள்பட்டுத் தளர்வதை மார்ட்லண்ட் என்ற மருத்துவர் 1928-லேயே எழுதிவிட்டார். 1982 நவம்பரில் ரே மான்சினியோடு பதினான்காவது சுற்றுவரை நின்ற கொரிய வீரர் டுக் கூ கிம் சில நாளில் இறந்த பிறகுதான் பட்டச் சண்டைகள் பதினைந்து சுற்றிலிருந்து பன்னிரண்டுக்குக் குறையத் தொடங்கின. அதைக் கோழைத்தனம் என்று எழுதினால் என் மனம் ஏற்காது.

விளவங்கோட்டான்:

அக்கா, கோழைத்தனம் என்று நான் எழுதவில்லை. ஆனால் அந்தப் பொருள் வரும்படி எழுதிவிட்டேன். மன்னிக்கவும். என் தாத்தாவும் மரத்திலிருந்து விழுந்துதான் இறந்தார்.

கோட்டார்க்காரன்:

இங்கே எழுதியவற்றை நேற்று பையன்களுக்கு வாசித்துக் காட்டினேன். சுவரில் மூன்றாவதாக ஒரு கோடு போட வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். 191 சென்டிமீட்டர்: ஒலெக்ஸாண்டர் உசிக். குரூசர்வெயிட்டிலிருந்து மேலேறி வந்து, 223 பவுண்டோடு 262 பவுண்டு ஃபியூரியை 2024 மே மாதத்திலும், அதே ஆண்டு டிசம்பரில் 281 பவுண்டோடு வந்தவரை மறுபடியும் வென்றவர். மார்சியானோவின் கோட்டுக்கும் ஃபியூரியின் கோட்டுக்கும் கிட்டத்தட்ட நடுவில் அந்தக் கோடு விழுந்தது.

பிறகு உயரமான பையனிடம் நீண்ட மூங்கில் கம்பின் நுனியில் துணி சுற்றிக் கொடுத்து ஜாப் போலக் குத்தச் சொன்னேன். கூடத்திலேயே குள்ளமான பையனை எதிரே நிறுத்தி, கம்பைத் தாண்டி உள்ளே போகச் சொன்னேன். முதல் எட்டு முறையும் கம்பு அவன் நெற்றியில் பட்டது. ஒன்பதாவது முறை அவன் தலையைத் தாழ்த்திக்கொண்டு நேராகப் போகாமல், இடது காலைச் சரிவாக வைத்துக் கம்பின் வெளிப்பக்கமாக நுழைந்தான். விலாவில் கை வைத்துவிட்டான். கம்பு பிடித்தவனுக்கு இன்னும் அதிகப் பயிற்சி இருந்திருந்தால் அந்த ஒன்பதாவது முறையும் நடந்திருக்காது என்று நினைக்கிறேன். ஆசான் வழி நண்பரே, தங்களுக்கு ஒரு மாலை நேரம் ஒழிந்தால் எங்கள் கூடத்துக்கு வந்து பையன்களுக்கு அந்தச் சுவட்டைக் காட்டித் தர வேண்டும். மணல் நான் கொட்டி வைக்கிறேன்.